ஒரு மைல் தள்ளி, இரண்டே அடி

வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் போகும் பேருந்தில் ஜன்னலோரச் சீட்டுக்குப் பிள்ளைகளிடையே போட்டி நடக்கும். போகிற வழியில் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் நிற்கிறார். 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்த அந்தச் சிலையின் உயரம் 146 அடி. மலேசியாவில் பத்துமலைக் குகைக்கு முன்னால் நிற்கிற முருகனைவிட 6 அடி அதிகம்.

அந்தச் சிலையை வைத்து உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். தரை முழுக்கச் சமதரை என்று வைத்துக்கொள்வோம். சிலையின் உச்சிக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி. அங்கிருந்து 5328 அடி நடந்து போகிறீர்கள். ஒரு மைல் என்பது 5280 அடி. அதனால் இது ஒரு மைலுக்குச் சற்றே கூடுதல் தூரம். அங்கே ஒரு முளைக்குச்சி அடித்து, அதிலிருந்து சிலையின் அடிக்கு ஒரு நூல் கட்டுகிறீர்கள். அதற்கு 5328 அடி நூல் வேண்டும். அதே முளையிலிருந்து சிலையின் உச்சிக்கு, துளியும் தொய்வில்லாமல் இன்னொரு நூல் கட்டினால், அதற்கு எத்தனை அடி நூல் வேண்டும்?

மேலே படிப்பதற்கு முன்னால் உங்கள் விடையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உயரம் 146 அடி என்பதால் அதை அப்படியே கூட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் யோசிப்பவர்கள் அதில் பாதி, 73 அடி கூடுதல் என்பார்கள். இன்னும் யோசிப்பவர்கள் 30 அடி, 40 அடி என்று இறங்குவார்கள்.

சரியான விடை 5330 அடி. முதல் நூலைவிட இரண்டாவது நூல் இரண்டே இரண்டு அடி நீளம், அவ்வளவுதான்!

அவ்வளவு பெரிய சிலை, நூல் நீளத்தில் வெறும் 2 அடியாகச் சுருங்கிவிட்டது. மீதி 144 அடி எங்கே போனது? அது எங்கேயும் போகவில்லை. நாம்தான் நீளத்தோடு நீளத்தைக் கூட்டிப் பார்த்தோம். சிலை நெட்டுக்குத்தாக நிற்கிறது, தரை படுத்திருக்கிறது. இரண்டும் சேரும் இடம் ஒரு செங்கோணம். அங்கே உண்டாகிற முக்கோணத்துக்குச் செங்கோண முக்கோணம் என்று பெயர். செங்கோணத்துக்கு எதிரே சாய்வாக ஓடும் நீண்ட பக்கம் கர்ணம். இந்த மூன்று பக்கங்களுக்கும் உறவு உண்டு. ஆனால் அந்த உறவு நீளங்களுக்குள் இல்லை, அந்த நீளங்களின் மேல் வரையும் சதுரங்களுக்குள் இருக்கிறது. சிறிய பக்கங்கள் இரண்டின் மேலும் ஒவ்வொரு சதுரம் வரையுங்கள். கர்ணத்தின் மேலும் ஒரு சதுரம் வரையுங்கள். முதல் இரண்டு சதுரங்களின் பரப்பையும் கூட்டினால் மூன்றாவது சதுரத்தின் பரப்பு வரும். எட்டாம் வகுப்பில் இதைப் பிதாகரஸ் தேற்றம் என்று படிப்பீர்கள்.

இப்போது சிலைக்கு வருவோம். தரையில் நடந்த 5328 அடியைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுர நிலம் அளந்து விடுங்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல், பிரம்மாண்டமான நிலம். சிலையின் 146 அடியைப் பக்கமாகக் கொண்ட சதுரம் 21,316 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் அது கிட்டத்தட்ட 49 சென்ட், அதாவது அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இந்த 49 சென்ட்டையும் பெரிய நிலத்தோடு சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகும் அது சதுரமாகவே இருக்க வேண்டும். என்ன செய்வது? நிலத்தின் இரண்டு பக்கங்களில் வரப்பு போல ஒரு பட்டையைச் சேர்க்கலாம். 2 அடி அகலத்தில் ஒரு பக்கம் சேர்த்தால் 5328 × 2 = 10,656 சதுர அடி. அடுத்த பக்கத்துக்கும் 10,656. இரண்டு பட்டைகளும் சந்திக்கும் மூலையில் 2 × 2 = 4 சதுர அடி. கூட்டிப் பாருங்கள்: 21,316. ஒரு சதுர அடி மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. 49 சென்ட் நிலமும் அந்த இரண்டு அடிப் பட்டையிலேயே தீர்ந்துவிட்டது. புதிய சதுரத்தின் பக்கம் 5330 அடி. அதுதான் உச்சிக்குப் போன நூல்.

சிலைக்குப் பக்கத்தில் வந்தால் கதை வேறு. சிலையிலிருந்து 146 அடி தூரத்தில் நின்று நூல் கட்டினால் சுமார் 206 அடி 6 அங்குலம் நூல் வேண்டும். 60 அடிக்கு மேல் கூடுதல். பட்டை சுற்ற வேண்டிய நிலம் சிறியது, அதனால் பட்டை அகலமாகிவிடுகிறது.

எல்லாம் சரி, சதுரங்கள் இப்படிக் கூடும் என்பதை எப்படி நம்புவது? ஆசிரியர் சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் காரணம் ஆகாது. கத்தரிக்கோல் எடுங்கள்.

பழைய நோட்டு அட்டையில் ஒரே அளவில் நான்கு செங்கோண முக்கோணங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். பாக்குமட்டைத் தட்டின் தட்டையான நடுப்பகுதியும் நன்றாக வெட்ட வரும். பாக்குத் தோப்புகள் நிறைந்த வாழப்பாடிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 6 சென்டிமீட்டரும் 8 சென்டிமீட்டரும் இருக்கட்டும். ஒரு தாளில் 14 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்று வரையுங்கள். 6-ம் 8-ம் சேர்ந்தால் 14 என்பதால் அந்த அளவு.

முதலில் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முக்கோணத்தின் செங்கோணத்தைப் பொருத்துங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முக்கோணத்தின் 6-ம் அடுத்த முக்கோணத்தின் 8-ம் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வைத்து முடித்தால் நடுவில் சாய்ந்த நாற்கரம் ஒன்று காலியாகத் தெரியும். அதன் நான்கு பக்கங்களும் கர்ணங்கள், நான்கும் சமம். அது சதுரம்தானா, அல்லது நசுங்கிய சாய்சதுரமா? மூலையைப் பாருங்கள். வெளிச் சதுரத்தின் ஓரத்தில் இரண்டு முக்கோணங்கள் தொடும் இடத்தில், நேர்க்கோட்டின் 180 பாகையை மூன்று கோணங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் இருப்பவை நம் முக்கோணத்தின் இரண்டு சிறிய கோணங்கள். செங்கோண முக்கோணத்தில் அந்த இரண்டும் சேர்ந்து 90. எனவே நடுவில் மிஞ்சுவதும் 90. காலியிடம் சதுரமேதான். அது கர்ணத்தின் மேல் வரைந்த சதுரம்.

இப்போது முக்கோணங்களை எடுத்துவிட்டு வேறு மாதிரி அடுக்குங்கள். இரண்டிரண்டு முக்கோணங்களைக் கர்ணத்தோடு கர்ணம் சேர்த்தால் 6-க்கு 8 என்று இரண்டு செவ்வகங்கள் கிடைக்கும். ஒன்றை நிற்க வைத்து மேலே ஒரு மூலையிலும், இன்னொன்றைப் படுக்க வைத்து அதற்கு எதிர்மூலையிலும், இரண்டும் நடுவில் ஒரு புள்ளியில் தொடும்படி பொருத்துங்கள். காலியாக மிஞ்சுவது இப்போது இரண்டு சதுரங்கள். ஒன்று 6-க்கு 6, இன்னொன்று 8-க்கு 8.

கொஞ்சம் நிறுத்தி, தாளையே பாருங்கள். வெளிச் சதுரம் அதேதான். வைத்த அட்டைகளும் அதே நான்குதான். அப்படியென்றால் காலியிடத்தின் பரப்பும் மாறியிருக்க முடியாது. முதல் தடவை காலியாக இருந்தது கர்ணத்தின் சதுரம். இரண்டாவது தடவை காலியாக இருப்பவை சிறிய பக்கங்களின் சதுரங்கள். இரண்டும் சமம்! எண்ணில் பார்க்க ஆசையென்றால் வெளிச் சதுரம் 196, நான்கு முக்கோணங்கள் 96, காலியிடம் 100. அந்த 100, 36-ம் 64-ம் சேர்ந்தது; கர்ணம் 10.

இந்த அடுக்கலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 6, 8 என்ற எண்கள் எங்கேயும் தேவைப்படவில்லை. நீங்கள் எந்த அளவில் வெட்டினாலும், முக்கோணத்தில் ஒரு செங்கோணம் இருந்துவிட்டால் இதே வாதம் நிற்கும். ஒல்லியானது, குண்டானது, முருகன் சிலையளவு பெரியது என எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ஆயிரம் முக்கோணங்களை அளந்து பார்த்தாலும் கிடைக்காத உறுதி, நான்கு அட்டைத் துண்டுகளை இடம் மாற்றி வைத்ததில் கிடைத்துவிடுகிறது.

இதே உறவைத் திருப்பிப் போட்டு நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் வீடு கட்டும் மேஸ்திரிகள். அஸ்திவாரம் தோண்டும் முன் மனையில் முளை அடித்து நூல் கட்டுவார்கள். மூலையில் ஒரு முளை. அங்கிருந்து ஒரு நூலில் 3 அடி அளந்து ஒரு குறி, அடுத்த நூலில் 4 அடி அளந்து ஒரு குறி. பிறகு இரண்டு குறிகளுக்கும் இடையே டேப்பைப் பிடிப்பார்கள். 5 அடி வரும்வரை ஒரு நூலை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். “எதுக்கு மேஸ்திரி அண்ணா மூணு, நாலு, அஞ்சு?” என்று கேட்டுப் பாருங்கள். “அப்பத்தான் கண்ணு மூலை மட்டமா நிக்கும்” என்பார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. செங்கோணம் இருந்தால் சதுரங்கள் கூடும் என்றுதான் நாம் காட்டினோம். மேஸ்திரி செய்வது அதற்கு எதிர்ப்பக்கம். சதுரங்கள் கூடுகின்றன, எனவே செங்கோணம் என்கிறார். இது எப்படிச் சரி? மூன்று குச்சிகளை முனையோடு முனை ஆணியடித்துப் பாருங்கள். அந்த முக்கோணத்தை அசைத்து வேறு வடிவமாக்க முடியாது. மூன்று பக்கங்களின் நீளமும் முடிவாகிவிட்டால் முக்கோணத்தின் வடிவமும் முடிவாகிவிடும். 3, 4 பக்கங்களுடைய செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 5 என்பது நமக்குத் தெரியும். 3, 4, 5 பக்கங்களுக்கு வேறு முக்கோணமே கிடையாது என்பதால் மேஸ்திரியின் நூல்களுக்கு நடுவே இருப்பதும் அதேதான்.

அனுபவமுள்ள மேஸ்திரி பெரிய வீட்டுக்கு 3-4-5 போடமாட்டார்; 6-8-10 அல்லது 9-12-15 பிடிப்பார். அதற்கும் கணக்கில் காரணம் உண்டு. குறுக்கே டேப் பிடிக்கும்போது அரை அங்குலம் பிசகிவிட்டது என்று வையுங்கள். 3-4-5 அடியில் அந்தப் பிசகு மூலையை ஏறக்குறைய ஒரு பாகை சாய்த்துவிடும். 30 அடி நீளச் சுவர் எழுப்பினால் அதன் கடைசி முனை 6 அங்குலம் விலகி நிற்கும். தரைக்கு டைல்ஸ் ஒட்ட வருபவர் ஓரத்துக் கல்லை ஒவ்வொன்றாகக் கோணலாக வெட்டிக்கொண்டிருப்பார். 9-12-15 பிடித்து அதே அரை அங்குலம் பிசகியிருந்தால் விலகல் 2 அங்குலம்தான். முக்கோணம் மூன்று மடங்கு பெரிது, பிழை மூன்றில் ஒரு பங்கு.

உங்கள் பள்ளி மைதானத்தில் கபடிக் களம் போடும்போதும் இதைச் செய்து பார்க்கலாம். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 169-ம் 100-ம் 269. மூலைக்கு மூலை 16 மீட்டர் 40 சென்டிமீட்டர் வந்தால் களம் சரியாக இருக்கிறது. இரண்டு குறுக்கையும் அளந்து பாருங்கள். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சுண்ணாம்புப் பொடி போடும் முன் நூலை நகர்த்துங்கள்.

வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் 2020-இல் திறந்த கிரிக்கெட் மைதானத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்த இடம். பிட்ச்சில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே 22 கெஜம், அதாவது 66 அடி. அகலம் 10 அடி. 66-இன் சதுரம் 4356, பத்தின் சதுரம் 100, கூட்டினால் 4456. குறுக்கு அளவு 66 அடி 9 அங்குலம். பத்து அடி அகலத்துக்கு 9 அங்குலம்தான் கூடுகிறது. முருகன் சிலையில் பார்த்த அதே சங்கதி.

அந்த 4356 என்ற எண்ணை விட்டுப் போக மனம் வரவில்லை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே பிட்ச்சின் நீளத்தைப் பக்கமாக வைத்து ஒரு சதுரம் போட்டால் சரியாக 10 சென்ட் நிலம்! இது தற்செயல் இல்லை. 1620-ஐ ஒட்டி எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் நிலம் அளக்க 66 அடிச் சங்கிலி ஒன்றை அமைத்தார். ஏக்கரும் சென்ட்டும் அந்தச் சங்கிலிக்குள் அழகாக அடங்கும். நம் ஊர் நில அளவையிலும் நெடுங்காலம் அந்தச் சங்கிலியும் அதன் நூறு வளையங்களும்தான் அளவுகோல்.

நில அளவை என்றதும் இன்னொன்று. உங்கள் வீட்டில் நிலம் இருந்தால், அதன் புலப்படத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஊரில் எஃப்.எம்.பி. என்பார்கள். நிலத்தின் வரப்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும், அதை முக்கோணங்களாகப் பிரித்து, ஒரு நேர்க்கோட்டிலிருந்து செங்குத்தாக வரப்பு மூலைக்கு எத்தனை தூரம் என்று அதில் குறித்திருக்கும். ஒரு 21 மீட்டர் கோடு. அதில் 5-ஆவது மீட்டரிலிருந்து செங்குத்தாக 12 மீட்டர் போனால் வரப்பு மூலை என்று வைப்போம். ஒரு பக்க வரப்பு 5, 12-இன் கர்ணம், 13 மீட்டர். மறுபக்கத்தில் மீதி 16 மீட்டர். 16, 12-இன் கர்ணம் 20 மீட்டர். முள்வேலி போட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும் என்பதை வயலில் இறங்காமலே சொல்லிவிடலாம்.

இந்த உறவை முதலில் கண்டவர் யார்? பெயர் பிதாகரஸுடையது. அவர் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர், சாமோஸ் தீவில் பிறந்தவர். அவர் கைப்பட எழுதியது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே பாபிலோனியர்களுக்கு இது தெரியும். ‘பிளிம்ப்டன் 322’ என்ற களிமண் பலகை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வயது ஏறக்குறைய 3800 ஆண்டுகள். அதில் ஒரு வரிசையில் 4601, 6649 என்ற எண்கள் பதிந்திருக்கின்றன. அவற்றோடு 4800-ஐச் சேர்த்துக்கொண்டு சதுரங்களைக் கூட்டிப் பாருங்கள், பொருந்தும். 4601-ஐ யாரும் நூல் பிடித்துத் தேடிக் கண்டிருக்க முடியாது. முறை தெரிந்தவர்கள் செய்த வேலை அது. இந்தியாவில் கி.மு. 800-க்கும் 500-க்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்படும் பௌதாயனரின் சுல்ப சூத்திரம், வேள்விமேடைகளைக் கயிறு பிடித்து அளக்கும் நூல். செவ்வகத்தின் குறுக்குக் கயிற்றின் மேல் அமையும் பரப்பு, நீளமும் அகலமும் தனித்தனியே தரும் பரப்புகளின் கூட்டுத்தொகை என்று அது தெளிவாகச் சொல்கிறது. 3-4, 5-12, 8-15, 7-24, 12-35 என்று உதாரணங்களையும் அடுக்குகிறது.

தமிழிலும் போதையனார் என்ற பெயரில் ஒரு பாட்டு சொல்லப்படுகிறது. பிதாகரஸ் தேற்றத்தை நம் முன்னோர் வர்க்கமூலம் இல்லாமலே சொல்லிவிட்டார்கள் என்று அதைப் பலர் பகிர்வதை நீங்கள் கைபேசியில் பார்த்திருக்கலாம். பாட்டின் கருத்து எளிமையானது. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளிவிடு, மிச்சத்தோடு சிறிய பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் கிடைக்கும்.

தமிழ்க் கணக்கு மரபை நான் பெரிதாக மதிக்கிறேன். மதிப்பதால்தான் சொல்கிறேன், இதைச் சோதித்துப் பாருங்கள். 3, 4 எடுங்கள். 4-இல் எட்டில் ஒரு பங்கு அரை, தள்ளினால் மூன்றரை, 3-இல் பாதி ஒன்றரை, கூட்டினால் 5. அற்புதம்! 5, 12 எடுங்கள். 12-இல் ஒன்றரையைத் தள்ளினால் பத்தரை, 5-இல் பாதி இரண்டரை, மொத்தம் 13. மறுபடியும் சரி. இரண்டு தடவை சரியாக வந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பகிர்ந்துவிடுகிறார்கள்.

நாம் நிறுத்த வேண்டாம். 8, 15 போட்டால் 17 வர வேண்டும், பாட்டின்படி 17.125 வருகிறது. 7, 24-க்கு 25 வர வேண்டும், 24.5 வருகிறது. காட்டுவேப்பிலைப்பட்டி பிட்ச்சில் போடுங்கள். 66-இல் எட்டில் ஒன்றைத் தள்ளினால் 57.75, பத்தில் பாதி 5, மொத்தம் 62.75 அடி. நேராகப் போனாலே 66 அடி. சாய்வாகப் போனால் அதைவிடக் குறையுமா? முருகன் சிலையில் போட்டால் 4735 அடி. கிட்டத்தட்ட 600 அடி காணாமல் போகிறது. சிறிய பக்கம் பெரிய பக்கத்தின் கால்வாசிக்கும் குறைவாக இருந்தால் இந்த முறை கர்ணத்தைப் பக்கத்தைவிடச் சிறியதாக்கிவிடும்.

சிறிய பக்கத்தைப் பெரிய பக்கத்தால் வகுத்தால் வருவதைக் ‘க’ என்று வைத்து, உங்கள் அக்காவையோ அண்ணனையோ 48க² − 56க + 15 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லுங்கள். பாட்டின் முறை எங்கெல்லாம் துல்லியமாகப் பொருந்தும் என்பதற்கான சமன்பாடு அது. விடைகள் இரண்டே இரண்டு: நான்கில் மூன்று, பன்னிரண்டில் ஐந்து. எல்லோரும் சோதிக்க எடுக்கும் 3-4-5-ம் 5-12-13-ம் அவற்றின் மடங்குகளும் மட்டும்தான் அச்சாகப் பொருந்துகின்றன!

அதற்காக அந்தப் பாட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த இரண்டு விகிதங்களுக்கும் இடையில் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஓட்டு வீட்டுக்குக் கைமரம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று வர்க்கமூலம் போடாமல் மனத்தில் கணக்குப் பார்க்க அது தாராளமாகப் போதும். கூரைச் சரிவுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும். அது நல்ல தோராய முறை. தேற்றம் என்று அதற்குப் பெயர் சூட்டினால் தேற்றத்துக்கும் நியாயமில்லை, பாட்டுக்கும் நியாயமில்லை.

முழு எண்களாகவே அமையும் மூன்று பக்கங்களை நீங்களே உண்டாக்க ஒரு வழி சொல்கிறேன். 2-ஐவிடப் பெரிய ஏதாவது ஓர் இரட்டை எண்ணை எடுங்கள். பாதியாக்கி, அதன் வர்க்கத்தைக் கண்டுபிடியுங்கள். அதில் ஒன்றைக் கழித்தால் இரண்டாவது பக்கம், ஒன்றைக் கூட்டினால் கர்ணம். 8-இல் பாதி 4, வர்க்கம் 16; எனவே 8, 15, 17. சிலையின் 146-இல் பாதி 73, வர்க்கம் 5329. 5328-ம் 5330-ம் அங்கிருந்துதான் வந்தன.

சிலைக்கு முன்னால் இன்னும் எத்தனை இடங்களில் நின்றால் தரைத்தூரமும் நூலும் முழு அடிகளாக வரும்? வர்க்கங்களின் வேற்றுமையைப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. கர்ணத்திலிருந்து தரைத்தூரத்தைக் கழித்து வருவதையும், இரண்டையும் கூட்டி வருவதையும் பெருக்கினால் 146-இன் வர்க்கம், 21,316 கிடைக்க வேண்டும். கழித்து வந்ததும் கூட்டி வந்ததும் ஒன்று இரண்டுமே ஒற்றை எண்களாக இருக்கும், அல்லது இரண்டுமே இரட்டை எண்களாக இருக்கும். இங்கே பெருக்கல் இரட்டை எண் என்பதால் இரண்டும் இரட்டை. 21,316 என்பது 2 × 2 × 73 × 73. 73 பகா எண். இரண்டு இரட்டை எண்களாக இதைப் பிரிக்க 2 × 10,658, 146 × 146 என்ற இரண்டு வழிகள்தான் உண்டு. இரண்டாவதில் தரைத்தூரம் சுழியம். சிலையின் அடியிலேயே நிற்கிறீர்கள். ஆக, முத்துமலை முருகனுக்கு அப்படிப்பட்ட தூரம் ஒன்றே ஒன்றுதான், 5328 அடி.

பத்துமலை முருகனுக்கு உயரம் 140 அடி. 140-ஐ 2, 2, 5, 7 என்று உடைக்கலாம் என்பதால் அங்கே சமதரையென்று வைத்துக் கணக்கிட்டால் 13 தூரங்கள் கிடைக்கின்றன. ஒன்றை நான் தருகிறேன்: 105 அடி தள்ளி நின்றால் நூல் 175 அடி. மீதிப் பன்னிரண்டையும் நீங்கள் கண்டுபிடியுங்கள். 19,600-ஐ இரண்டு இரட்டை எண்களின் பெருக்கலாகப் பிரித்துக்கொண்டே வந்தால் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். எல்லாவற்றிலும் பக்கத்தில் இருப்பது 48 அடி தூரத்தில், எல்லாவற்றிலும் தொலைவில் இருப்பது 4899 அடி தூரத்தில்.